நான் நிறுத்தின மாத்திரை

என் மாப்ள அன்புச்செல்வனுக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்தது மாசி மாசத்தில். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் ஆள் ஏத்திக்கினு மலை இறங்கிக்கினு இருந்தான். வளைவுக்கு முன்னாடி வண்டியை ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல்லு வெக்கச் சொல்லிட்டு, அப்புறம்தான் சாஞ்சானாம். அப்படிப்பட்டவன். என் அக்கா மகன், என் ஒரே பொண்ணு மணிமொழியைக் கட்டினவன். சின்னப் பிள்ளையிலிருந்து என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினது இல்லை. அதுதான் வினையாப் போச்சு.

கள்ளக்குறிச்சியில ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம். மணிக்கட்டு வழியா கம்பி விட்டு, இதயத்துக்கு ரத்தம் போற குழாயில அடைப்பை எடுத்து, ஸ்டென்ட்டுன்னு ஒண்ணு வெச்சாங்க. பேனாவுக்குள்ள ஸ்பிரிங்கு இருக்குமே, அந்த மாதிரி. அவன் உள்ள இருந்தப்போ நான் வராண்டாவில நின்னு திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கினேன். இவன் பொழச்சி எழுந்தா வைகாசித் திருவிழாவில காப்பு கட்டி தீ மிதிக்க வெக்கிறேன் தாயேன்னு. மிதிக்கப் போறது அவன், வேண்டினது நான். அவனை ஒரு வார்த்தை கேக்கலை.

பொழச்சிட்டான். வூட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்க மூணு பேரையும் உக்கார வெச்சிப் பேசினாங்க. அருள்மொழின்னு பேரு, என் பொண்ணு வயசுதான் இருக்கும்.

"ஸ்டென்ட் வெச்சதோட வேலை முடிஞ்சிடலைங்க. இந்த கேப்சூலை ஒரு வருஷம் தினமும் போடணும். ஒரு நாள் கூட விடக் கூடாது."

"அடைப்பைத்தான் எடுத்துட்டீங்களே. அப்புறம் எதுக்குங்க ஒரு வருஷம்?" என்று கேட்டேன்.

"உள்ள வெச்சிருக்கிறது உலோகம் அய்யா. உடம்புக்கு அது வேத்தாளு. ரத்தம் அது மேல போய் ஒட்டிக் கட்டியாகப் பாக்கும். குழாயோட உள்தோல் வளந்து அதை மூடற வரைக்கும் இந்த மருந்துதான் காவல்."

தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும், "வேலையை அரைகொறையா செஞ்சிட்டு மாத்திரை வித்துக்கினு இருக்காங்க"ன்னு சொன்னேன். மாப்ள சிரிச்சான். மணிமொழி சிரிக்கலை.

டாக்டருங்க விஷயத்தில நான் எப்பவும் அப்படித்தான். தலைவலின்னு போனா வயித்தை ஸ்கேன் எடுக்கச் சொல்றவங்களை எப்படி நம்பறது?

அந்த மருந்து கூடு மாத்திரை. பாதி செவப்பு, பாதி வெள்ளை, உள்ள பொடி. அந்தக் கூட்டை எதில செய்றாங்கன்னு எனக்குத் தெரியும். இருபது வயசில நான் எலும்பு குடோனில லாரிக்கு லோடு ஏத்தினவன். எல்லாம் மாட்டு எலும்பு. சீயக்காய் போட்டுக் குளிச்சாலும் நாத்தம் போகாது, எங்க அம்மாவே எனக்கு வெளியிலதான் சோறு போடும். "இது எங்க போவுது?"ன்னு மேஸ்திரியைக் கேட்டேன். "மருந்து கம்பெனிக்கு. காய்ச்சி மாத்திரைக்குக் கூடு செய்வானுங்க"ன்னான். நான் மூணாங்கிளாஸோட நின்னவன். ஆனா இந்த ஒரு விஷயத்தில படிச்சவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்னு அம்பது வருஷமா ஒரு மெதப்பு. டீக்கடையில எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ.

வைகாசியில காப்பு கட்டினாங்க. எங்க ஊரில காப்பு கட்டினவங்க பத்து நாளும் கோயில்லயே தங்கணும். வூட்டுக்குப் போகக் கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது, மத்தியானம் ஒரு வேளை பச்சரிசிச் சோறு. கவிச்சி வாடையே ஆகாது. அவங்களுக்குச் சோறு தண்ணி பாத்துக்கிற பொறுப்பு பல வருஷமா என்னுது. அதனால மணிமொழி மாத்திரைப் பையை என் கையில குடுத்தா.

"மத்தியானம் சாப்பிட்டதும் மூணும் குடுக்கணும். இந்த செவப்பு ரொம்ப முக்கியம். மறந்துடாதப்பா."

"எனக்கே பாடம் நடத்தறியா? போ."

முதல் நாள் சாப்பிட்டு முடிச்சிட்டு மாப்ள கையை நீட்டினான். பிரஷர் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் குடுத்தேன். அது ரெண்டும் வெறும் கட்டி மாத்திரை, அதில எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லை. செவப்பு அட்டையை மடியில சொருகிக்கினேன்.

"மாமா, செவப்பு?"

"அது இப்போ வேணாம். அதோட கூடு மாட்டு எலும்பு. காப்போட அதை முழுங்கிட்டு அம்மன் முன்னாடி எப்பிடி நிப்ப?"

"டாக்டர் ஒரு நாள் கூட விடக் கூடாதுன்னாங்களே."

"டாக்டரா வந்து தீ மிதிக்கப் போறாங்க? பத்து நாள்தானே. மூணு மாசமா தின்னது உடம்பில ஊறிக் கெடக்கும். பதினோராம் நாள் போட்டுக்கோ."

பக்கத்து இலையில ராஜாங்கம் உக்காந்திருந்தான். அவனும் காப்பு கட்டினவன், என் வயசுக்காரன். "உங்க மாமன் பெரிய எலும்பு டாக்டரு மாப்ள. சொன்னா கேட்டுக்கோ"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. மாப்ள என்னை ஒரு தடவை பாத்தான். "நீங்க சொன்னா சரி மாமா"ன்னுட்டு இலையை எடுக்கப் போயிட்டான்.

சாயங்காலம் மணிமொழி கோயில் வாசல்ல வந்து நின்னா.

"மாத்திரை குடுத்தியாப்பா?"

"குடுத்தேன்."

தினமும் வந்தா. தினமும் அதே கேள்வி, தினமும் அதே பதில். அவகிட்ட உண்மையைச் சொன்னா சண்டைக்கு வருவான்னு தெரியும். சண்டையில அவதான் ஜெயிப்பான்னும் தெரியும். அதனால சொல்லலை. அம்மன் வாசல்ல நின்னு, விரதம் கெடக் கூடாதுன்னு பொய் சொல்லிக்கினு இருந்தேன். அப்போ அது எனக்குக் கோணலாவே படலை.

எட்டாம் நாள் காலையில தீக்குழியைச் சுத்தம் பண்ணிக்கினு இருந்தாங்க. மாப்ளையைக் கட்டை தூக்க வேணாம்னு சொல்லியிருந்தேன், சும்மா கல்லுதான் பொறுக்கிக்கினு இருந்தான். திடீர்னு குந்திட்டான். நெஞ்சில கையை வெச்சிக்கினு, "மாமா, அதே மாதிரி"ன்னான். முகமெல்லாம் தண்ணி ஊத்தின மாதிரி வேர்வை.

யாரோ மணிமொழிக்குச் சொல்லி, அவ ஓடி வந்து, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணிட்டா. வண்டியும் வந்திடுச்சி. பூசாரி அய்யனார் குறுக்க நின்னாரு.

"காப்போட எல்லை தாண்டக் கூடாதும்மா. கழட்டறதுக்கு முறை இருக்குது. தேங்காய் ஒடைச்சி, அம்மன்கிட்ட உத்தரவு கேட்டு... கொஞ்சம் பொறுங்க."

நானும் நின்னேன். ஒரு நிமிஷம் இருக்கும். இவ்வளவு சொல்லிட்டு அதை மட்டும் மறைக்க முடியாது, நானும்தான் பூசாரியோட நின்னேன்.

"நவுருங்க பூசாரி. அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன்"னு மணிமொழி ஸ்ட்ரெச்சரைப் புடிச்சித் தள்ளினா.

ஆஸ்பத்திரியில நர்ஸ் கத்திரிக்கோலால காப்பை வெட்டி என் கையில குடுத்திச்சி. அந்த மணிக்கட்டு வழியாத்தான் மறுபடி கம்பி விடணுமாம். டாக்டரம்மா வேகமா வந்து அவன் முகத்துக்கிட்ட குனிஞ்சாங்க.

"அன்புச்செல்வன், கேப்சூலை நிறுத்தினீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

வலியில பல்லைக் கடிச்சிக்கினு கெடந்தவன் கண்ணைத் தெறந்தான். டாக்டரைப் பாக்கலை, என்னைப் பாத்தான்.

"இல்ல மேடம். தினமும் போட்டேன்."

அப்பிடியே உள்ள தள்ளிக்கினு போயிட்டாங்க.

சாவுற நேரத்தில என் மானத்தைக் காப்பாத்தறான்னு எனக்குப் புரிஞ்சிது. புரிஞ்சும் வாயைத் தெறக்கலை. சரி, டாக்டருங்க எப்பிடியும் அடைப்பை எடுத்துடுவாங்க, சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னான்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு.

ஒரு மணி நேரம் கழிச்சி டாக்டரம்மா வெளியே வந்தாங்க. ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டி முழுசா அடைச்சிருந்துதாம். பலூன் விட்டுத் தெறந்துட்டாங்களாம்.

"உயிருக்கு இப்போதைக்குப் பயம் இல்லை. ஆனா இதய தசை நெறைய கெட்டுப்போச்சி. எனக்கு ஒண்ணுதான் புரியலை. ஒரு நாள் கூட விடலைன்னு சொல்றாரு. யாரு பாத்துக் குடுத்தது?"

"அப்பாதான் டாக்டர்"னு மணிமொழி சொன்னா. "இவரு காப்பு கட்டிக் கோயில்ல இருந்தாரு. அப்பா கூடவே இருந்து குடுத்தாரு. நான் தெனம் போய்க் கேட்டுக்கினே இருந்தேன்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாங்க. "குடுத்தீங்களா அய்யா?"

"குடுத்தேங்க."

"அப்போ இந்த மருந்து இவர் உடம்பில வேலை செய்யலைன்னு அர்த்தம். இதைவிட வீரியமானதுக்கு மாத்தணும். ஆனா இவருக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வயித்துப் புண்ணில ரத்தக்கசிவு வந்திருக்குது. அந்த மருந்தில மறுபடி கசிய வாய்ப்பு ஜாஸ்தி. அடைச்சிக்கினாலும் ஆபத்து, கசிஞ்சாலும் ஆபத்து. வேற வழி இல்லை. ஃபார்ம் வரும், கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

சொல்லிட்டு அவங்க ரூமுக்குப் போயிட்டாங்க. நானும் மணிமொழியும் பெஞ்சில உக்காந்தோம். மடியில அந்த அட்டை குத்திக்கினு இருந்துது. மணிமொழி என் கையைப் புடிச்சா. புள்ளையா இருந்தப்போ புடிச்சது. அதுக்கப்புறம் இப்பதான்.

"நீ கூட இருந்து குடுத்ததாலதான் இவ்வளவோட போச்சுப்பா. வேற யாருகிட்டயாவது வுட்டிருந்தா மறந்திருப்பாங்க. உன்னை எத்தினி தடவை திட்டியிருக்கேன், டாக்டரை மதிக்க மாட்டேன்றன்னு."

எழுபத்திரண்டு வருஷத்தில என்னை யார் யாரோ திட்டியிருக்காங்க. ரோட்டில வெச்சி அடிச்சிருக்காங்க. அதெல்லாம் தொடைச்சிப் போட்டுட்டேன். அந்தக் கை சூடு மட்டும் தாங்கலை. உருவிக்கினு எழுந்தேன்.

"எங்கப்பா?"

நேரா டாக்டரம்மா ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டணும்னு கூடத் தோணலை. அவங்க எழுதிக்கினு இருந்தாங்க. மணிமொழியும் என் பின்னாலயே வந்து நின்னுட்டா. அவளை வெளியே போகச் சொல்லலாம்னு ஒரு நொடி நெனைச்சேன். அப்பிடிச் சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை.

மடியிலிருந்து அட்டையை எடுத்து மேஜை மேல வெச்சேன்.

"மாத்திரை மேல தப்பு இல்லைங்க. அவன் மேலயும் இல்லை. ஏழு நாளா நான் இதைக் குடுக்கலை. அவன் எனக்காகப் பொய் சொல்றான்."

டாக்டரம்மா அட்டையை எடுத்துப் பாத்தாங்க. "ஏன்?"

காப்பு, விரதம், எலும்பு குடோன் எல்லாத்தையும் சொன்னேன். டீக்கடையில சொல்லும்போது நல்லா வரும் அந்தக் கதை. அங்க சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமா இருந்துது. நடுவில நிறுத்திட்டேன்.

"நீங்க சொல்றது நெஜம்தான்"னாங்க அவங்க. "முக்கால்வாசி கேப்சூல் கூடு மாட்டு எலும்பிலயும் தோலிலயும்தான் செய்றாங்க."

அம்பது வருஷமா எனக்குத் தெரிஞ்ச விஷயம் சரிதான்னு படிச்ச ஒருத்தர் வாயால கேட்டேன். அதைக் கேக்கறதுக்கு எனக்குக் கெடைச்ச இடம் அது.

"ஆனா அய்யா, இதே மருந்து கூடு இல்லாம, கட்டி மாத்திரையாவும் வருது. விரதம் இருக்கறேன், மாத்திக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பேன். கள்ளக்குறிச்சியில எல்லாக் கடையிலயும் கெடைக்குது."

"கேக்கணும்னு தோணலைங்க."

"தோணலையா, கேக்கறதுக்கு எங்களைப் புடிக்கலையா?"

திட்டியிருந்தா தேவலை. அவங்க திட்டலை. எழுதி வெச்ச தாளைக் கிழிச்சிட்டு வேற தாள் எடுத்தாங்க. விட்டதாலதான் அடைச்சிதுன்னா பழைய மருந்தே போதும், வயித்துக்கும் ஆபத்து கம்மின்னாங்க. அப்புறம் மணிமொழியைப் பாத்து, "இனிமே இவரு மலையில வண்டி ஓட்ட முடியாதும்மா. இதயம் ரத்தம் தள்ற வேகம் பாதிக்கு வந்திடுச்சி"ன்னு சொன்னாங்க.

வெளியே வந்தோம். மணிமொழி அழுவா, இல்லைன்னா கத்துவான்னு எதிர்பாத்தேன். ரெண்டும் இல்லை.

"தெனம் கேட்டேனே"ன்னா. அவ்வளவுதான். பெஞ்சில உக்காந்தா. நான் பக்கத்தில உக்கார முடியுமா? நின்னுகினே இருந்தேன்.

மறுநாள் அவனுக்குத் துணிமணி எடுக்க ஊருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு எறங்கி கோயிலைத் தாண்டித்தான் வூட்டுக்குப் போகணும். பூ கட்டிக்கினு இருந்த பொம்பளைங்களோட பேச்சு காதில விழுந்துது. சாலம்மாள்தான் சத்தமா சொல்லிக்கினு இருந்தா.

"சும்மா எப்பிடி வரும்? விரதத்தில ஏதோ குத்தம் பண்ணியிருக்கான். ராவில பொண்டாட்டியைப் பாக்கப் போயிருப்பான். அம்மன் விட்டுடுவாளா? காப்போட எல்லை வேற தாண்டிட்டான்."

"ஆமாம், மலையில ஜீப்பு ஓட்டறவன். அங்க இன்னா தின்னானோ, இன்னா குடிச்சானோ"ன்னு பக்கத்தில இருந்த பூமாலைன்றவ ஒத்து ஊதினா.

ஆஸ்பத்திரியில சொன்னது நாலு சுவருக்குள்ள. இங்க ஊரே இருந்துது. பந்தல் போடறவங்க, காப்பு கட்டினவங்க, பூசாரி. நான் பேசாம தாண்டிப் போயிருந்தா, அவன் வாழ்நாளு முழுக்க விரதம் கெடுத்தவன்னு பேரு எடுப்பான். வாயைத் தெறந்து மறுக்கவும் மாட்டான்.

"அவன் எதுவும் கெடுக்கலை"ன்னு சொன்னேன். "கெடுத்தது நான். அவன் இதயத்துக்குப் போடற மாத்திரையை, கூடு எலும்புன்னு சொல்லி, ஏழு நாளா நான்தான் நிறுத்தி வெச்சேன். அதான் அடைச்சிக்கிச்சி."

பந்தல் காலு நட்டவங்க கூட நிறுத்திட்டாங்க.

"எலும்பு மாத்திரைன்னுதானே நிறுத்தின"ன்னாரு பூசாரி. "அதில இன்னா தப்பு? முழுங்கியிருந்தா மட்டும் அம்மன் ஏத்துக்கினு இருப்பாளா?"

"அம்மன் அதைக் கேக்கலை பூசாரி. கேட்டவன் நான். வேண்டினவனும் நான்."

ராஜாங்கம் எழுந்து என் கிட்ட வந்தான். சிரிப்பான்னு நெனைச்சேன்.

"ஏண்டா பிச்சைமுத்து, நானும் அன்னிக்குப் பக்கத்தில உக்காந்து சிரிச்சேனேடா"ன்னான். "அந்தப் பையன் உன்னையே பாத்துக்கினு இருந்தான். நான் வேற கேலி பண்ணினேன்."

சாலம்மாள் பூவைக் கீழே வெச்சிட்டு, "பெத்த பொண்ணோட புருஷனாச்சேய்யா"ன்னா. சோத்துப் பொறுப்பை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. யாரும் போன்னு சொல்லலை, நானாவே சமையக்கட்டுச் சாவியைக் குடுத்துட்டேன்.

துணிப் பையோட ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அவனை வார்டுக்கு மாத்தியிருந்தாங்க. மணிமொழி கேன்டீனுக்குப் போயிருந்தா. கட்டில் பக்கத்தில நின்னேன். கையில கட்டு, மூஞ்சி வத்திப் போயிருந்துது.

"உக்காருங்க மாமா."

"இருக்கட்டும்."

"ஏன் மாமா சொன்னீங்க? நான்தான் சமாளிச்சிட்டேன்ல."

"செத்திருப்படா."

"மணி உங்ககிட்ட பேசறாளா?"

"இல்லை."

"பேசுவா"ன்னான். அப்புறம், "எனக்கு அன்னிக்கே பயமாத்தான் இருந்துது மாமா. உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலை"ன்னான்.

நாப்பத்தாறு வயசு ஆம்பள, ரெண்டு பிள்ளைங்களுக்கு அப்பன், உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத மாதிரி அவனை நான் வெச்சிருந்திருக்கேன். இத்தனை வருஷமா அதை மரியாதைன்னு நெனைச்சிக்கினு இருந்தேன். மன்னிச்சிடுன்னு சொல்ல நெனைச்சேன். வரலை. போர்வையைக் கால் வரைக்கும் இழுத்து விட்டேன்.

நாலாம் நாள் வூட்டுக்கு அனுப்பினாங்க. ஊரில அன்னிக்குத்தான் மஞ்சத் தண்ணி. தீமிதி முந்தின நாளே முடிஞ்சிடுச்சி. நர்ஸ் மாத்திரைப் பையோட வந்து, எதை எப்போ போடணும்னு சொல்றேன், யாரு பாத்துக்கறவங்கன்னு கேட்டிச்சி. பழக்கத்தில நான் ஒரு அடி முன்னால போயிட்டேன்.

"நீ வெளிய இருப்பா"ன்னா மணிமொழி. கோவமா கூட இல்லை. ஒரு பெட்டியை நவுத்தி வெக்கற மாதிரி சொன்னா.

மாப்ள ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேணாம்னு தலையை ஆட்டிட்டு வெளியே வந்தேன். கதவு முழுசா சாத்தலை. சுவத்துப் பக்கம் ஒதுங்கி நின்னு கேட்டேன். இது காலையில வெறும் வயித்தில, வயித்துப் புண்ணுக்கு. இது மத்தியானம் சோத்துக்கு அப்புறம், ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு, இப்போ கூடு இல்லாதது, மஞ்சள் கலர். இது ரெண்டும் ராத்திரி, பிரஷருக்கும் கொழுப்புக்கும். பல்லு புடுங்கணும்னாலும், வேற எந்த டாக்டர் நிறுத்தச் சொன்னாலும், இங்க கேக்காம நிறுத்தக் கூடாது.

அந்த நர்ஸுப் பொண்ணு ரெண்டு தடவை சொல்லிச்சி. ரெண்டாவது தடவை நானும் வெளியில நின்னுகினு, சத்தம் வராம, கூடவே சொல்லிப் பாத்தேன்.